புதுப்பிப்பு: 'அபாஃப்ட் த பீம்' பொருள் புரிந்துவிட்டது

1972 கடல் மோதல் தடுப்பு விதிகளில், இன்னொரு கப்பலை முந்தும் கப்பல் எது என்று சொல்லுமிடத்தில் '22.5 பாகைக்கு மேல் அபாஃப்ட் த பீம்' என்று வருகிறது; அது புரியவில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

'கப்பலுக்குப் பின்னால்' என்ற விடை ஒட்டவில்லை; அதற்கு 'அஸ்டர்ன்' இருக்கிறது. 'அபாஃப்ட்' என்றால் 'ஒன்றைவிடப் பின்முனைப் பக்கமாக' என்று ஒருவர் சொன்னதுதான் சரி. 'அபாஃப்ட் த மாஸ்ட்' என்றால் பாய்மரத்துக்குப் பின்புறம், ஆனால் கப்பலுக்குள்ளேயே.

பீம் என்பது கப்பலின் நேர்ப்பக்கம், அதாவது முன்முனையிலிருந்து 90 பாகை. அதைவிட 22.5 பாகை பின்னால் என்றால் 112.5. அதையும் தாண்டிய பின்திசையிலிருந்து நெருங்கி வருவதுதான் முந்தும் கப்பல்.

எதிர்பாராதது: கப்பலின் இரு பக்கமும் உள்ள பக்க விளக்கு ஒவ்வொன்றும் முன்முனையிலிருந்து தெரியும் வீச்சும் அதே 112.5தான். இரண்டோடு பின்விளக்கின் 135-ஐக் கூட்டினேன், சரியாக 360! பக்க விளக்கு முடிந்து பின்விளக்கு தொடங்கும் இடம்தான் அந்த விநோதமான 22.5 என்று அப்புறம்தான் உறைத்தது.