நீலகிரி வரைபடம்: சோலைக்கு நகர்வுப் புள்ளி 2ஆ, 3ஆ?

அவலாஞ்சிவாசி:
'பேட்டில் ஃபார் வெஸ்நோத்' என்ற கணினிப் போர் விளையாட்டுக்காக நாம் சேர்ந்து வரையும் நீலகிரி வரைபடத்திற்குப் புதிய நிலவகை எதுவும் வேண்டாம், மலை மடிப்புகளில் வளரும் சோலைக் காட்டுக்கும் இருக்கிற சாதாரணக் காட்டுக் கட்டங்களையே போட்டுவிடலாம் என்று கூடலூரான் எழுதியதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் நுழையப் படை சில நகர்வுப் புள்ளிகளைச் செலவிடவேண்டும். காட்டுக்குள் நுழைய மனிதக் காலாட்படைக்கு 2 புள்ளியும், காட்டிலேயே வாழும் எல்ஃப் படைக்கு வெறும் 1 புள்ளியும் போதும். சோலையிலோ மரங்கள் குட்டையாக நெருங்கி நிற்கின்றன. பாசி படர்ந்த கிளைகள் முறுக்கிக்கொண்டு முகத்தில் இடிக்கின்றன. அடியில் குறிஞ்சியினப் புதர், அதற்கும் அடியில் கால் புதையும் இலைமக்கு. எல்ஃபாகவே இருந்தாலும் அங்கே ஓட முடியாது. சோலைக்கு 3 புள்ளி வைத்தே ஆகவேண்டும்.

கூடலூரான்:
புதிதாக ஓர் அடிப்படை நிலவகையைச் சேர்த்தால் ஒவ்வொரு படையின் நகர்வு வகையிலும் அதற்கான செலவை எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் அந்தப் படையால் அக்கட்டத்தில் நுழையவே இயலாது. சென்ற முறை தாங்கள் சதுப்பில் கைவைத்ததால் பாதிப் படைகள் அசையாமல் நின்றன. இரவெல்லாம் விழித்து அதைச் சரிசெய்தவன் நான். ஒரு நன்றிகூட வரவில்லை. காட்டுக்கு 2, சோலைக்கும் 2.

அவலாஞ்சிவாசி:
அடிப்படை நிலவகை என்று நான் எங்கே எழுதினேன்? நகர்வுக்கு மலையையும் தற்காப்புக்குக் காட்டையும் ஏலியஸாக, அதாவது அவற்றின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் மாற்றுப்பெயராகக் கொடுத்தால் போதும். இரண்டையும் தனித்தனியே குறிக்க விளையாட்டிலேயே வழி இருக்கிறது. மலைக்கு உள்ள செலவே வரும்: மனிதருக்கு 3, எல்ஃபுக்கும் 3. எந்தப் படையின் கோப்பையும் தொடவேண்டியதில்லை.

கோடைக்குளிர்:
பழனி மலையிலும் சோலை உண்டு என்பதை நீலகிரிக்காரர்கள் எப்போதும் மறந்துவிடுகிறீர்கள். அது இருக்கட்டும், கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பையும் சீகைக் (வாட்டில்) காட்டையும் எந்த நிலவகையில் போடுவது என்று முன்பே கேட்டிருந்தேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அவலாஞ்சிவாசி:
கற்பூர மரமும் சீகையும் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. நம் வரைபடம் காட்டும் காலம் அதற்கு முற்பட்டது. எனவே அந்தக் கேள்விக்கே இடமில்லை. சோலையின் ஓரத்தைப் பற்றிப் பேசுவோம். உறைபனி இறங்கும் இரவுகளில் புல்வெளியில் முளைத்த மரக்கன்று கருகிவிடுகிறது. மடிப்புகளுக்குள் ஒதுங்கிய சோலைக்குள் அந்தக் குளிர் புகுவதில்லை. அதனால்தான் புல்லும் சோலையும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கின்றன. வரைபடத் தொகுப்பியில் காட்டு ஓரத்துக்கு வரும் சிதறிய மரப் படங்களைச் சோலை ஓரத்தில் போட்டால் அது நம் மலையாகவே இராது. சோலைக்குத் தனி ஓரப் படமும் வேண்டும், 3 புள்ளியும் வேண்டும்.

கூடலூரான்:
ஓரப் படத்தை நான் மறுக்கவில்லை. யார் வரைவது என்றுதான் கேட்கிறேன். உயரமான ஊரில் குடியிருப்பதாலேயே காட்டைப் பற்றிய தீர்ப்பெல்லாம் தங்களுடையதாகிவிடாது. எங்கள் பக்கத்துக் காட்டில் உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து பார்த்துவிட்டு எது கடினம் என்று சொல்லுங்கள். அதற்கே 2தான் வைத்திருக்கிறோம்.

கோடைக்குளிர்:
உண்ணிச்செடியும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அதற்கு மட்டும் காலக்கணக்கு இல்லையா?

அவலாஞ்சிவாசி:
உண்ணிச்செடியைப் பேச்சில் கொண்டுவந்தவர் கூடலூரான், அவரிடமே கேளுங்கள். சோலைக்கு 3 என்று எழுதிய கோப்பை இன்றிரவே ஏற்றிவிடுவேன். 2தான் வேண்டுமென்றால் அவர் தனியாக ஒரு வரைபடம் வரைந்துகொள்ளட்டும். அதற்கு நீலகிரி என்று மட்டும் பெயர் வைக்கவேண்டாம்.

கூடலூரான்:
ஏற்றுங்கள். காலையில் நான் அதை 2 ஆக்கிவிடுவேன்.