ஸ்கேலிங் பழக முதலில் கையா, மெஷினா?

முதல்வருடம்:
டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஸ்கேலிங், அதாவது பல்லில் கெட்டிப்பட்ட காரையை எடுப்பதுதான் முக்கிய வேலை. அதிர்வால் காரையைப் பெயர்க்கும் அல்ட்ராசோனிக் மெஷினை இதுவரை தொடவே விடவில்லை. டைப்போடான்ட் என்கிற பொம்மைத் தாடையில் கியூரெட்டை (காரையைச் சுரண்டும் கைக்கருவி) வைத்து ஒரே இழுப்பைத் திரும்பத் திரும்ப இழுக்கிறோம். பிடி சரியில்லை, ஊன்றுவிரல் நழுவுகிறது என்று திட்டு வேறு. வேலைக்குப் போன சீனியர்கள் பெரும்பாலும் மெஷினில்தான் காரை எடுக்கிறார்கள். அப்புறம் எதற்கு இத்தனை மாதம் கைவேலை?

மூன்றாம்நாற்காலி:
நியாயமான கேள்வி. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கையால் மட்டுமே பழகிவிட்டு மெஷினுக்கு வந்தபோது நான் செய்த தவறு, அதையும் கியூரெட் மாதிரி அழுத்திப் பிடித்தது. பெரும்பாலான மெஷின்களில் நுனி நொடிக்கு 25,000 தடவையோ அதற்கு மேலோ அதிர்கிறது. லேசாகத் தொட்டபடி ஓட்டினால் போதும். அழுத்தினால் அதிர்வு அடங்கிப்போகும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போக எனக்கு ஆறு மாதம் ஆனது. மணிக்கட்டு வலி தனிக் கதை.

ஆலும்வேலும்:
நான் சொல்லிக்கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன், அதனால் திட்டு வாங்கத் தயார்.

ஈறுக்கு அடியில் போனபின் கண்ணுக்கு வேலையில்லை. கியூரெட்டின் எந்தப் பக்கம் பல்லைத் தொடுகிறது, எந்தப் பக்கம் சதையைத் தொடுகிறது என்பதை, கைப்பிடியையும் அலகையும் இணைக்கும் தண்டின் சாய்வை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். கிரேசி என்ற வகைக் கியூரெட்டில் 11/12 எண் கருவி கடைவாய்ப்பல்லின் முன்பக்கச் சந்துக்கு, 13/14 பின்பக்கச் சந்துக்கு. இது மனப்பாடம் இல்லை. தண்டின் கடைசித் துண்டு பல்லுக்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்தால் தானே விளங்கும். உள்ளே நுழைக்கும்போது பல்லோடு ஒட்டிப் படுக்கவேண்டும். இழுக்கும்போது 45க்கும் 90க்கும் இடைப்பட்ட கோணம். 90ஐத் தாண்டினால் சதை கிழியும். 45க்குக் கீழே போனால் காரையைப் பெயர்க்காமல் பூசி மெழுகிவிடும். மெழுகிய காரை வழவழவென்று இருக்கும், தடவினால் சுத்தமான வேர் போலவே தோன்றும். ஈறில் மட்டும் ரத்தக்கசிவு நிற்காது.

இதை மெஷினில் தொடங்கினால் எப்படிப் பழகுவது?

மூன்றாம்நாற்காலி:
சார், மெஷினிலும் மெழுகலாம். பவரைக் குறைத்து, மெல்லிய நுனியால் கெட்டிக் காரையைத் தடவிப் பாருங்கள், அதே கதைதான். கோணமும் உண்டு: நுனி பல்லோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கவேண்டும், குத்தக்கூடாது. அதையும் முதல் மாதத்திலிருந்தே பழக்கலாமே?

இன்னொன்று. கடைவாய்ப்பல்லில் வேர்கள் பிரியும் இடத்தின் வாயை அளந்து பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் 0.75 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ. புதுக் கியூரெட்டின் அலகே 0.75க்குக் குறையாது. நுழையவே முடியாத கருவியை வைத்துக்கொண்டு கோணம் பேசி என்ன பயன்?

பல் மருத்துவர் ஆல்ஃப்ரெட் ஃபோன்ஸ் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் முதல் ஹைஜீனிஸ்ட் பள்ளியைத் தொடங்கியது 1913இல். அப்போது அல்ட்ராசோனிக் கிடையாது, அதனால் கையில் தொடங்கினார்கள். பிறகு வந்தவர்கள் அந்த வரிசையையே வேதமாக்கிவிட்டார்கள்.

ஆலும்வேலும்:
வேர் பிரியும் இடத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். அங்கே மெல்லிய அல்ட்ராசோனிக் நுனிதான். ஆனால் பழைய வரிசை என்பதாலேயே அது தப்பான வரிசை ஆகிவிடாது.

வெறும்வாய்:
நான் பல் துறை ஆளே இல்லை. பயிற்சி மாணவி ஒருவரிடம் வாயைக் கொடுத்தவன், அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் கால்வாசி வாய் முடிந்தது. மெஷினும் பிடித்தார், கைக்கருவியும் பிடித்தார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். முடிந்தது என்று அவர் சொன்னதும் ஆசிரியை வந்து மெல்லிய கொக்கி ஒன்றால் தடவி, "இங்கே ஒன்று இருக்கிறது" என்றார். மாணவிக்குத் தட்டுப்படவில்லை. ஆசிரியை அவர் கையைப் பிடித்து அதே இடத்தில் ஓட்டினார். இரண்டு, மூன்று முறை. நாலாவது முறை அந்தப் பெண் "ஓ!" என்றார். அந்த "ஓ"வுக்காகவே இன்னொரு தடவை போகலாம் என்று தோன்றியது.

நுனிவிரல்:
வெறும்வாய் அண்ணன் தெரியாமலே சரியான இடத்தைத் தொட்டுவிட்டார்.

நீங்கள் இருவரும் காரையை எதால் எடுப்பது என்று அடித்துக்கொள்கிறீர்கள். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறோம்? அந்தக் கொக்கிக்கு எக்ஸ்ப்ளோரர் என்று பெயர். அதை இறுக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. விரலில் தங்கி நிற்கிற அளவுக்கு மட்டும் பிடித்தால், சின்னக் கரடும் விரல் நுனிக்கு வந்து சேரும். டைப்போடான்டில் இது பாதிதான் வரும். பூசிவைத்த போலிக் காரை, நகராத கன்னம், எச்சில் இல்லை, ரத்தம் இல்லை, நாக்கு குறுக்கே வராது.

கணக்கு முடிக்கும் முறை இதை இன்னும் கெடுக்கிறது. இத்தனை நோயாளி, அதில் இத்தனை பேர் கடினமான காரை உள்ளவர்கள் என்று பட்டியல் கொடுத்தால், மாணவர் என்ன செய்வார்? கெட்டிக் காரை உள்ள ஆளைத் தேடி அலைவார். எடுத்ததற்குக் கையெழுத்து கிடைக்கும். விட்டுப்போனதைத் தானே கண்டுபிடித்ததற்கு எங்கேயாவது மதிப்பெண் உண்டா?

மூன்றாம்நாற்காலி:
இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனாலும் மெஷினை முதல் மாதமே கொடுங்கள் :)

ஆலும்வேலும்:
மாட்டேன். ஆனால் வரும் பருவத்திலிருந்து, காரை எடுக்கும் முன் மாணவர் தானே படம் வரைந்து இடம் குறிக்கவேண்டும், எடுத்த பிறகும் குறிக்கவேண்டும் என்று வைக்கப்போகிறேன். நான் தனியாகக் குறிப்பேன், இரண்டையும் ஒப்பிடலாம். நேரம் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதல்வருடம்:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நுனிவிரல் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் ஆசிரியையிடம் கேட்டேன். நேற்று வகுப்புத் தோழியின் வாயில், 46ஆம் பல்லை (கீழ் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்) சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ்ப்ளோரரை ஓட்டச் சொன்னார். நான் நாலு இடம் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, இரண்டில்தான் காரை, மற்ற இரண்டும் பல்லின் இயல்பான அமைப்பு என்றார். மெஷின் இன்னும் தரவில்லை.