டிசம்பரில் இரண்டாவது குழந்தை, மூத்தவனுக்கு இரண்டு வயது: டர்பன் அக்காமார் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் நாகர்கோவில், இப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். மூத்தவனுக்கு இரண்டு வயது. கர்த்தருடைய கிருபையால் டிசம்பர் கடைசியில் அடுத்த குழந்தை.

சிக்கலே அந்த மாதம்தான். பையன் போகும் கிறெஷ் (குழந்தைகள் காப்பகம்) டிசம்பர் பாதியில் மூடினால் ஜனவரியில்தான் திறக்கும். அம்மா வருவதாக இருக்கிறது, ஆனால் விசா கைக்கு வரும்வரை எதையும் நம்ப முடியாது. நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் இரவுகளில் பையனை யாரிடம் விடுவது? சபையில் ஒரு ஆன்ட்டி "என்கிட்ட விடும்மா" என்கிறார். தங்கமான மனுஷி. ஆனால் இவன் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான்! இப்போதிருந்தே அவர் வீட்டில் தங்கப் பழக்கலாமா, இல்லை முதலில் அப்பாவிடம் தூங்கப் பழக்குவதா?

அப்புறம் கார். இங்கே மூன்று வயதுக்குக் கீழே கார் சீட் 2015 முதல் கட்டாயம். எங்களுடையது சின்ன கார். பின்னால் இரண்டு சீட் போட்டால் நடுவில் நான் உட்கார முடியுமா? வாங்குமுன் பொருத்திப் பார்க்க விடும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. குடும்ப ஜெபத்தில் என் மடியில்தான் உட்காருவான். வயிறு பெரிதாகி இப்போது மடியே இல்லை. அப்பா மடி என்றால் அழுகை. இதில், "தம்பிப் பாப்பா வந்தா அம்மா உன்னைத் தூக்க மாட்டா" என்று ஆளாளுக்கு விளையாட்டுக்குச் சொல்கிறார்கள். பெரியவர்கள் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது? ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், அதோடு இதற்கெல்லாம் பதிலும் போடுங்கள்.