தாத்தாவின் பட்டாளத்துப் பெட்டி: நினைவுப் புத்தகம் போட வழி சொல்லுங்கள்

வேலூர்ப் பேரன் கேட்கிறார்:

தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 1963இல் சேர்ந்து, 1981இல் ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கி வந்தவர். இரண்டு மாதத்தில் முதலாண்டு நினைவு நாள். வருகிறவர்கள் கையில் கொடுக்க 24 பக்கத்தில் ஒரு புத்தகம் போடப் பேரப்பிள்ளைகள் நினைத்திருக்கிறோம். அவருடைய டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து வரும்போது கொடுத்த பணி விவரப் புத்தகம்), ஏழு மெடல், பாட்டிக்கு எழுதிய இன்லண்ட் கடிதக் கட்டு, சில போட்டோக்கள் இருக்கின்றன. மெடல்களில் பச்சை பூத்திருக்கிறது. 'பசந்தர் ஆத்துல நின்னோம்' என்று அடிக்கடி சொல்வார். எதை எப்படி எழுதினால் தப்பில்லாமல் இருக்கும்?

ரிப்பன் பெட்டி பதில் சொல்கிறார்:

முதலில் ஒன்று. புளி, எலுமிச்சை, சாம்பல், பிராஸோ எதையும் மெடலில் தொடவிடாதீர்கள். குத்துவிளக்கு துலக்குகிற நினைப்பில் வீட்டில் யாராவது செய்துவிடுவார்கள். விளிம்பிலோ பின்புறத்திலோ அவருடைய நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். எழுத்தின் ஆழம் மயிரிழைதான், நாலு தடவை தேய்த்தால் மழுங்கிவிடும். அந்த எழுத்துப் போனால் கடையில் விற்கிற நகலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பச்சை பூக்கப் பெரும்பாலும் பிவிசி கவர்தான் காரணம். அதிலிருந்து கசிவது செம்புக் கலவையை அரிக்கும். ரிப்பனை வெயில் படுகிற சுவரில் மாட்டினால் சாயம் போகும்.

1963 முதல் 1981 வரை என்றால் ஏழில் பெரும்பாலானவை இவையாக இருக்கலாம்: 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971க்கு சங்கிராம் மெடலோடு பூர்வி ஸ்டார் அல்லது பஸ்சிமி ஸ்டார். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு சுதந்திர வெள்ளிவிழா மெடல். பிறகு ஒன்பதாண்டு சேவை மெடல், சைன்ய சேவா மெடல். ரக்ஷாவும் சங்கிராமும் அப்போது படையில் இருந்த ஏறக்குறைய எல்லாருக்கும் வந்தவை. ஸ்டார்தான் போர்ப் பகுதியிலேயே இருந்தார் என்பதற்குச் சாட்சி. கிழக்கே என்றால் பூர்வி, மேற்கே என்றால் பஸ்சிமி.

இவற்றை 'வீரதீரப் பதக்கங்கள்' என்று போட்டுவிடாதீர்கள். வீர் சக்ரா, சேனா மெடல் வகை வேறு. ஆனால் ரிப்பனில் சின்னதாகத் தாமரை இலை குத்தியிருக்கிறதா என்று மட்டும் உற்றுப் பாருங்கள். இருந்தால் போர் அறிக்கையில் அவர் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அது பெரிய கௌரவம், தனியாகவே எழுதலாம்.

ரெக்கார்டு ஆபீஸ் பதில் சொல்கிறார்:

பசந்தர் விஷயத்துக்கு வருகிறேன். ரெஜிமெண்ட் பெயர் போதாது, அதற்குள் அவர் இருந்த பட்டாலியனின் நம்பர் வேண்டும். பசந்தர் ஆறு என்ற போர்க் கௌரவம் (நன்றாகப் போரிட்ட படைப்பிரிவுக்கு அந்தச் சண்டையின் பெயரில் கொடுப்பது) 16வது மெட்ராஸுக்கு உண்டு. 1971 டிசம்பரில் ஷகர்கட் பகுதியில், மேற்கு முனையில் நடந்த சண்டை அது. டிஸ்சார்ஜ் புக்கில் 16 என்று இருந்து, பெட்டியில் பஸ்சிமி ஸ்டாரும் இருந்தால் தாத்தா சொன்னதற்கு இரண்டு சாட்சி கிடைத்துவிடும். வேறு நம்பர் இருந்தாலும் அவர் சொன்னது பொய் என்று ஆகாது, அட்டாச்மெண்டில், அதாவது தற்காலிகமாக வேறு பிரிவோடு, போயிருக்கலாம். அப்போது 'பசந்தரில் நின்றதாகச் சொல்வார்' என்று அவர் வாக்காகவே எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கிலுள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். சேரும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது சாதாரணம். பள்ளிச் சான்றோ ஜாதகமோ இருந்தால் ஒத்துப் பாருங்கள். கலர் சர்வீஸ் (படையில் இருந்த காலம்), ரிசர்வ் சர்வீஸ் (வீட்டில் இருந்தாலும் தேவைப்பட்டால் கூப்பிடும் காலம்) என்று பிரித்துப் போட்டிருந்தால், ரிசர்வில் கழிந்த வருஷங்களைப் படையில் இருந்ததாகக் கூட்டாதீர்கள். பழைய தாளில் 'ஜமேதார்' என்று யாரையாவது கண்டால் அது 1965க்குப் பிறகு நாயிப் சுபேதார் ஆன ரேங்க்தான்.

புக்கில் விடுபட்டவற்றுக்கு நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். பேரன் கையெழுத்தில் கேட்டால், அடுத்தவர் விவரம் என்று திருப்பிவிட இடமுண்டு. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பாட்டி பெயரில், ராணுவ நம்பர், பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகல், இறப்புச் சான்று நகல் மூன்றையும் வைத்து அனுப்புங்கள். எழுதத் தடுமாறினால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பதில் இரண்டு மாதத்துக்குள் வரும் என்று நம்பி அச்சு வேலையை நிறுத்தாதீர்கள்.

டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் தாத்தா பெயரைத் தேட வேண்டாம். அங்கே கல்லில் இருப்பது பணியில் உயிர்நீத்தவர்கள் பெயர்கள். அவர் வாயில் அடிக்கடி வந்த, திரும்பி வராத தோழர்களைத் தேடுங்கள். கிடைத்தால் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பழந்தாள் பதில் சொல்கிறார்:

கடிதங்களையும் டிஸ்சார்ஜ் புக்கையும் லேமினேட் பண்ணாதீர்கள். சூட்டில் மை பரவும், பிறகு பிரிக்கவே முடியாது. மடிப்பை மெல்லப் பிரித்து, ஒரு நாள் கனமான புத்தகத்துக்கடியில் வைத்து, கடிதத்தை 300, போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். '56 ஏபிஓ' என்ற ராணுவத் தபால் முகவரி ஊரைச் சொல்லாது. ஆனால் தபால் முத்திரையிலுள்ள தேதி, கடிதங்களின் வரிசையைச் சொல்லும். அச்சில் பிபிஓ எண், வங்கி எண் தெரியாமல் மறையுங்கள்.

24 பக்கத்தில் பட்டாளத்துக்கு எட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம். 1981க்குப் பிறகுதான் அவர் உங்களுக்குத் தாத்தா. பாட்டியிடம் 'தாத்தா எப்படி?' என்று கேட்டால் 'நல்ல மனுஷன்' என்பதோடு நின்றுவிடும். லீவில் வந்தால் பெட்டியைத் திறந்ததும் முதலில் என்ன எடுப்பார், தந்தி வந்தால் யார் படித்தது, பேரப்பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்ட எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு அரைமணி போதும். போனில் பதிவு செய்து, பாட்டியின் பேச்சை அப்படியே எழுதுங்கள். டிரங்குப் பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பெயரும் எழுதியிருக்கும், அதுவே அட்டைப் படமாகட்டும். பின்னணியாகத் தேசியக் கொடியை வைத்து அதன்மேல் பெயரை அச்சிட வேண்டாம், கொடி விதி அதை அனுமதிக்காது.

அச்சுக்குப் போகும் முன் சீருடைப் படத்தை ஒருமுறை பாருங்கள். மெடல் அவருடைய இடது மார்பில், அதாவது பார்க்கிற நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் டிசைனர் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.