ஈமாக்ஸில் டாக்ஸ்ட்ரிங் பாதியில் வெட்டப்படுகிறது, மீதியும் மொட்டையாக வருகிறது

அரைப்புள்ளி:

ஈமாக்ஸ் 29 எடிட்டர் வச்சிருக்கேன். கோட் பத்தின தகவலை மொழி சர்வர்கிட்ட கேட்டு வாங்க அதோடயே வர்ற எக்லாட், பைதானுக்கான சர்வர் பைரைட். கர்சரை ஒரு ஃபங்ஷன் மேல வச்சா அதோட டாக்ஸ்ட்ரிங் (ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதி வைக்கிற விளக்கம்) கீழே எக்கோ ஏரியாவுல, அதாவது திரையோட அடியில, வருது. வருதுன்னா, தலையை மட்டும் நீட்டிட்டுப் போயிடுது. மீதிக்கு "வெட்டப்பட்டது"ன்னு ஒரு குறிப்பு.

இத்தனை நாள் கண்டுக்கலை. போன வாரம் டீம்ல ஒருத்தர் எழுதின ஃபங்ஷனுக்கு டைம்அவுட் கொடுக்க வேண்டி வந்துச்சு. மில்லிசெகண்ட்னு நானா நினைச்சுக்கிட்டு 30000 போட்டேன். அரை நிமிஷம்னு என் கணக்கு. அது செகண்ட். சாயங்காலம் ஓட விட்டுட்டுக் கிளம்பிட்டேன். எதிர்ப்பக்க சர்வர் படுத்துடுச்சு, என் ஜாப் 8 மணி 20 நிமிஷம் அசையாம காத்துக்கிட்டு இருந்திருக்கு. டாக்ஸ்ட்ரிங்கோட மூணாவது பத்தியில "நொடிகளில்"னு எழுதி, கீழே எடுத்துக்காட்டும் போட்டிருக்கார் மனுஷர். நான்தான் பார்க்கலை.

பக்கத்து சீட்ல விஎஸ் கோட் எடிட்டர். மவுஸை வச்சதும் பெட்டி திறக்குது. தலைப்பு தடிமனா, எடுத்துக்காட்டு நிறத்தோட. அங்கே ஓடுற பைலான்ஸும் பைரைட் மேல கட்டினதுதானே?

எம்-எக்ஸ் அடிச்சு எல்டாக்-டாக்-பஃபர் (விளக்கத்தைத் தனிப் பஃபர்ல, அதாவது தனிப் பக்கத்துல, காட்டுற கட்டளை) போட்டா முழுசும் வருது, ஆனா வெறும் எழுத்தா. எனக்கு மட்டும் ஏன் இப்படி? எடிட்டரை மாத்துன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, பதினோரு வருஷப் பழக்கம்.

வளைவடைப்பு:

உங்கள் எடிட்டர் வெறும் எழுத்தைத்தான் கேட்டிருக்கிறது, சர்வர் அதைக் கொடுத்திருக்கிறது.

எடிட்டரும் மொழி சர்வரும் பேசிக்கொள்ளும் எல்எஸ்பி நெறிமுறையில் இணைப்பு தொடங்கும்போதே எடிட்டர் தன் திறமைகளைப் பட்டியலிட்டு அனுப்பும். அதில் ஹோவருக்கு (கர்சர் இருக்கும் சொல்லின் விளக்கத்துக்கு) 'கன்டென்ட்ஃபார்மட்' என்று ஒரு புலம் உண்டு: மார்க்டவுன் (தலைப்பு, தடிமன் போன்றவற்றுக்குக் குறியிட்ட எழுத்து), பிளெயின்டெக்ஸ்ட் (வெறும் எழுத்து), எது முதலில் வேண்டுமோ அந்த வரிசையில். மார்க்டவுன்-மோட் நிறுவியிருந்தால்தான் எக்லாட் மார்க்டவுனைக் கேட்கும். அந்தப் பேக்கேஜ் ஈமாக்ஸ் 29-உடன் வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். பலர் இடறும் இடம் இதுதான், ஏனென்றால் எந்தப் பிழைச்செய்தியும் வராது.

நம்பிக்கை இல்லையென்றால், சர்வருடனான பேச்சு பதிவாகும் எக்லாட்-ஈவன்ட்ஸ்-பஃபரைத் திறந்து, முதலில் போன இனிஷியலைஸ் கோரிக்கையில் அந்தப் புலத்தைத் தேடிப் பாருங்கள்.

நிறுவியதும் எக்லாட்-ரீகனெக்ட் கொடுக்க மறக்காதீர்கள். கோப்பை மூடித் திறந்தால் மட்டும் போதாது. பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்வரை பழைய பேச்சுதான். (இதில் நான் ஒரு மதியத்தையே தொலைத்திருக்கிறேன்.)

கர்சர் அருகிலேயே பெட்டி வேண்டுமானால் எல்டாக்-பாக்ஸ் என்ற பேக்கேஜ் இருக்கிறது. ஈமாக்ஸ் 26-இல் வந்த சைல்ட் ஃபிரேமை (மேலே மிதக்கும் சிறு சன்னலை) வைத்து வேலை செய்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, படிக்க வேண்டிய வரியையே மறைக்கும்.

பழையவிசை:

அலங்காரம் எல்லாம் சரிதான் தம்பி. அலகை மூணாவது பத்தியில ஒளிச்சு வச்சவரை யாரும் கேட்கலையா? பைதானோட டாக்ஸ்ட்ரிங் வழிமுறையான பெப் 257 முதல் வரியிலேயே சுருக்கத்தை எழுதச் சொல்லி 2001-லயே வந்தாச்சு. அதுக்கும் மேல, அளவுருவோட பேரையே 'டைம்அவுட்_செகண்ட்ஸ்'னு வச்சிருந்தா எக்கோ ஏரியாவுல வர்ற அந்த ஒத்தை வரியே உங்களைக் காப்பாத்தியிருக்கும். அவசரத்துல இருக்கிறவன் ஃபங்ஷனோட கையெழுத்தை (பேரும் அளவுருக்களும் இருக்கிற வரியை) மட்டும்தான் பார்ப்பான், நீங்க பார்த்த மாதிரியே.

அரைப்புள்ளி:

@வளைவடைப்பு, ஈவன்ட்ஸ் பஃபர்ல பிளெயின்டெக்ஸ்ட் மட்டும் தனியா உட்கார்ந்திருந்துச்சு! மார்க்டவுன்-மோட் போட்டு ரீகனெக்ட் பண்ணினதும் எடுத்துக்காட்டு நிறத்தோட வந்துடுச்சு. கணிதச் சமன்பாடு மட்டும் டாலர் குறிகளோட அப்படியே நிக்குது, அதோட வாழ்ந்துக்கலாம்.

@பழையவிசை, ஒத்துக்கறேன் அண்ணே. பேரை மாத்தி அனுப்பிட்டேன், எழுதினவரும் ஏத்துக்கிட்டார். ஆனா நூத்துக்கணக்கான வெளி லைப்ரரிகள்ல பேரை மாத்தச் சொல்லி யார்கிட்டப் போய் நிக்கிறது? அதுக்கு இந்தப் பஃபர்தான் வேணும்.

ஒரே தொல்லை: எல்டாக் பஃபரை வலப்பக்கமே நிறுத்த, எந்தப் பஃபர் எங்கே திறக்கணும்னு சொல்ற டிஸ்பிளே-பஃபர்-அலிஸ்ட்ல அதோட பேரைக் கொடுத்தேன். ஒரு தடவை கேட்குது, அடுத்த தடவை கீழே திறக்குது.

வளைவடைப்பு:

அந்தப் பஃபரின் பெயரில் முன்பாதிதான் நிலையானது. எந்த ஃபங்ஷனுக்கான ஆவணமோ அதன் பெயரும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். முழுப்பெயரைக் கொடுக்காமல், நட்சத்திரக்குறியும் 'எல்டாக்' என்ற சொல்லுமாகத் தொடங்குவதை மட்டும் பொருத்தும் ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலத்தைக் குறிக்கும் கோவை) கொடுங்கள். கூடவே எல்டாக்-எக்கோ-ஏரியா-பிரிஃபர்-டாக்-பஃபர் என்ற அமைப்பை 'டி' (ஆம்) என்று வைத்துவிட்டால், வலப்பக்கம் திறந்திருக்கும்போது கீழே அதையே திரும்பக் காட்டாது.

அரைப்புள்ளி:

இப்போ வலப்பக்கமே நின்னுடுச்சு. அகலம் 0.4 பங்கு வச்சிருக்கேன்.