வலிக்குப் பத்துக்கு எத்தனை போட்டீர்கள்? உங்கள் அனுபவம்

மதுரைக்காரி: முடக்குவாதம், பழைய கேஸ். ரிவியூவில் வழக்கமான கேள்வி: "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவும்மா?" ஏழு என்றேன். சிஸ்டர் என் புடவையைப் பார்த்தார், ஜிமிக்கியைப் பார்த்தார், 4 என்று எழுதினார். என் கண் முன்னாலேயே! எனக்கு விரல் மடங்காததால் அந்த ஜிமிக்கிக்குத் திருகாணி போட்டுவிட்டதே என் மகள்தான்.

எல்5 டிஸ்க்: எனக்கு நேர்மாறு. டாக்டர் "இப்போ எவ்வளவு?" என்றார். உட்கார்ந்திருந்தேன், அதனால் 2. "நல்ல முன்னேற்றம்" என்று மாத்திரையைக் குறைத்துவிட்டார். எழுந்து கதவு வரை போவதற்குள் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுரீர் என்று இழுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அடுத்த டோக்கன்காரர் என்னை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகிறார். நடக்கும்போது எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நைட் டியூட்டி: நான் நர்ஸ். மதுரைக்காரி அக்கா, அது தப்புதான். நோயாளி சொல்லும் எண்ணைத்தான் எழுத வேண்டும். ஆனால் எங்கள் பக்கமும் பாருங்கள். ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒருவர் "பத்து சிஸ்டர்" என்றார். எரிச்சல் வராதா?

சரி, உபயோகமாக ஒன்று சொல்கிறேன். ஆபரேஷன் வலிக்கு இந்த எண் ஓரளவு போதும், 8 இருந்தது 3 ஆனால் தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குப் போதாது. 2009இல் வந்த 'பெக்' என்ற சிறிய அளவுகோல் இருக்கிறது, மூன்றே கேள்வி. போன வாரம் சராசரி வலி எவ்வளவு, வாழ்க்கையைச் சந்தோஷமாக அனுபவிப்பதை அது எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு தடுத்தது. மூன்றுக்கும் 0 முதல் 10 வரை போட்டுச் சராசரி எடுப்பார்கள். நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். படி ஏறினேனா, தூங்கினேனா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், பூஜ்யம் ஆகும் என்று காத்திருக்காதீர்கள். 30 சதவீதம் குறைந்தாலே நல்ல பலன் என்றுதான் ஆராய்ச்சிகளில் கணக்கு.

கோவைப் பையன்: அம்மாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு தோள்வலி, பேச்சும் குழறல். அதனால் ஆறு முகங்கள் போட்ட அட்டையைக் காட்டினார்கள். வோங்-பேக்கர் படங்கள், 1983இல் குழந்தைகளுக்காக வரைந்தவை. அம்மா நேராகச் சிரிக்கும் முகத்தில் விரலை வைத்தார். வலியே இல்லை என்று எழுதிவிட்டார்கள். தோளைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறவர்! வீட்டுக்கு வந்து கேட்டால், "அதுதான்டா லட்சணமா இருந்துச்சு."

முகநரம்பு வலி: நைட் டியூட்டி, ரீல்ஸ் பார்த்தவர் வலியை மறக்கத்தான் பார்த்திருப்பார். வருஷக்கணக்கில் வலிக்கும்போது எவ்வளவு நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருப்பது? உங்கள் சராசரியும் எனக்கு ஆகாது. ட்ரைஜெமினல் என்கிற இந்த முகநரம்பு வலி ஷாக் அடித்தது போல வரும், சில நொடியில் போய்விடும். வாரச் சராசரி எடுத்தால் 1 கூடத் தேறாது. அந்த 1ஐ வைத்துக்கொண்டு பல் துலக்கிப் பாருங்கள். 'பிரீஃப் பெயின் இன்வென்டரி' என்ற வலிப் படிவத்தில் உச்சம், குறைவு, சராசரி, இப்போது என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள், அது எவ்வளவோ மேல். எனக்குக் கார்பமசெபின் மாத்திரையைக் கூட்டியது எந்த எண்ணாலும் இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தபோதே டாக்டர் எதிரில் வலி வெட்டிவிட்டது.

எல்5 டிஸ்க்: அந்த நாலு கேள்விப் படிவம் தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் போடுங்கள், அடுத்த வாரம் ரிவியூ.