புதுப்பிப்பு: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அப்பாவுக்கு முற்றிய இரைப்பைப் புற்றுநோய், இரைப்பை சிறுகுடலோடு சேரும் இடத்தைக் கட்டி அடைத்துவிட்டது, காலையில் தின்ற இட்லி ராத்திரி அப்படியே வாந்தியாக வருகிறது, பைபாஸ் ஆபரேஷனா, ஸ்டென்டா (அடைத்த இடத்தைத் திறந்து வைக்கும் கம்பிவலைக் குழாய்) என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

ஸ்டென்ட்தான். பைபாஸில் இரைப்பையைச் சிறுகுடலோடு புதிதாக இணைத்துத் தைப்பார்கள். அது அதிக நாள் தாங்கும், ஆனால் சாப்பாடு இறங்க நாளாகும், ஆபரேஷனைத் தாங்கத் தெம்பும் வேண்டும். அப்பாவிடம் அது இல்லை. கீழே குடலில் வேறு அடைப்பு இல்லை என்று ஸ்கேனில் பார்த்த பிறகே டாக்டர் சம்மதித்தார்.

முதலில் மூக்கு வழியாக டியூப் போட்டுத் தேங்கியதை வெளியே எடுத்தார்கள். அப்புறம் எண்டோஸ்கோப்பி (வாய் வழியே விடும் கேமராக் குழாய்) வழியே அந்தக் கம்பிவலை ஸ்டென்ட். உள்ளே போய்த் தானாக விரியும். மறுநாள் சாயங்காலம் ஒரு டம்ளர் அரிசிக்கஞ்சி குடித்தார். நான் கையில் பேசினோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தி வரவில்லை.

இப்போது குழைந்த சாதம், ரசம், மசித்த பருப்பு. கீரை, முருங்கைக்காய் கிடையாது. நார் வலையில் சிக்கும். புலம்புகிறார். புலம்பவாவது தெம்பு வந்ததே!

உறை போட்ட ஸ்டென்ட் நழுவலாம். உறையில்லாததில் கட்டி வலைக்குள் வளரலாம். எங்களுடையது உறையில்லாதது. மறுபடி அடைத்தால் உள்ளேயே இன்னொன்று வைக்கலாமாம். நோய் இதனால் குறையாது என்பது அப்பாவுக்கும் தெரியும்.

நேற்று மாங்காய் ஊறுகாய் கேட்டார். சாறு மட்டும் தொட்டுக் கொடுத்தோம்.